சனிக்கிழமையைத் தாண்டுவது: திருப்பூர் இளைஞர்கள் சொந்தத் தொழில் தொடங்கும் விதம் பற்றிய நிகழ்வு ஆய்வு

திருப்பூரில் பனியன் கம்பெனித் தொழிலாளர்களுக்குச் சம்பளம் வாரத்துக்கு ஒருமுறை, சனிக்கிழமை மாலையில் கொடுக்கப்படுகிறது. இந்த ஒரு வழக்கத்தைச் சரியாகப் புரிந்துகொண்டால், அந்த ஊரில் ஓர் இளைஞர் எந்தத் துணிவில் சொந்தத் தொழில் தொடங்குகிறார், எந்தப் பயத்தில் தொடங்காமலேயே நின்றுவிடுகிறார் என்ற இரண்டு கேள்விகளுக்கும் பெருமளவு விடை கிடைத்துவிடும் என்பது என் கருத்து.

இளைஞர்களைத் தொழில் தொடங்கத் தூண்டுவது எது என்று கல்லூரி மேடைகளில் கேட்டால் தன்னம்பிக்கை, புதிய சிந்தனை, வங்கிக் கடன் ஆகிய மூன்றும்தான் பதிலாக வரும். மூன்றும் தேவையானவைதான். ஆனால் தொழில்முனைவு என்ற சொல்லையே கேள்விப்படாதவர்களும், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்களும் கூட்டம் கூட்டமாக முதலாளிகளான ஊர் ஒன்று நம் கண்முன்னே இருக்கும்போது, அங்கே என்ன நடந்தது என்று பார்ப்பதே முறையானது. அதனால்தான் இந்த ஆய்வுக்குத் திருப்பூரை எடுத்துக்கொண்டேன்.

ஊரின் பின்னணி

நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள இந்த ஊரில் பின்னலாடைத் தொழில் 1920களில் கையால் சுற்றும் இயந்திரங்களோடு தொடங்கியது. பல பத்தாண்டுகள் வரை உள்நாட்டுச் சந்தைக்கான வெள்ளை பனியன்தான் ஊரின் அடையாளம். 1978இல் இத்தாலியிலிருந்து வெரோனா என்ற இறக்குமதியாளர் வந்து டி-சர்ட் வாங்கத் தொடங்கியதை ஏற்றுமதிக் காலத்தின் தொடக்கமாக ஊரார் இன்றும் சொல்வார்கள். 1980களின் நடுவில் ஆண்டுக்குச் சுமார் 15 கோடி ரூபாயாக இருந்த ஏற்றுமதி, இப்போது 30,000 கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் 1990இல் உருவானது. 2009இல் திருப்பூர் தனி மாவட்டமானது.

இந்த வளர்ச்சியைப் பெரிய முதலீட்டாளர்கள் வெளியிலிருந்து வந்து உண்டாக்கவில்லை. சுற்றியுள்ள வறண்ட கிராமங்களிலிருந்து வேலை தேடி வந்து, பனியன் கம்பெனியில் கூலிக்கு உழைத்து, பிறகு பங்காளிகளோடும் உறவினர்களோடும் சேர்ந்து சொந்தமாகக் கம்பெனி எடுத்தவர்கள்தான் 1960களுக்குப் பிறகு ஊரின் முதலாளி வர்க்கமாக மாறினார்கள். தொழிலாளி முதலாளியாவது அங்கே எப்போதோ ஒருமுறை நடக்கும் அதிசயம் அன்று. ஒவ்வொரு தெருவிலும் அப்படி ஒருவரை விரல் நீட்டிக் காட்ட முடியும். தனக்குப் பக்கத்து மிஷினில் உட்கார்ந்து தைத்தவர் ஐந்து வருடம் கழித்து தனக்கே வேலை கொடுக்கிறார் என்பதைப் பார்க்கும் இளைஞனுக்கு வேறு எந்த ஊக்க உரையும் தேவைப்படாது.

தொழில் துண்டுபட்டிருப்பதன் பயன்

ஆனால் முன்மாதிரி மட்டும் போதாது. முன்மாதிரியாக இருப்பவர் ஏறிய முதல் படி, பார்க்கிறவனின் கால் எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். திருப்பூரில் அது எட்டும் உயரத்தில் இருப்பதற்குக் காரணம் தொழில் நடக்கும் முறைதான்.

ஒரு டி-சர்ட் ஒரே கூரையின் கீழ் உருவாவதில்லை. நூல் ஒரு இடத்தில் வாங்கப்பட்டுத் துணியாகப் பின்னும் நிட்டிங்குக்குப் போகிறது, துணியானதும் சாயமேற்றும் டையிங் அல்லது வெளுக்கும் பிளீச்சிங், பிறகு துணி சுருங்காமல் இருக்கச் செய்யும் காம்பாக்டிங், பிறகு கட்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி, தையல், காஜா பட்டன், செக்கிங், அயர்னிங், பேக்கிங். இவற்றில் ஒவ்வொன்றையும் தனியாக ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யும் சிறு நிறுவனங்கள் ஊர் முழுவதும் பரவியிருக்கின்றன. துணி, நூல், லேபிள் எல்லாம் வேலை கொடுக்கும் பார்ட்டியுடையவை. ஜாப் ஒர்க் எடுப்பவர் கொண்டுவர வேண்டியவை இடம், இயந்திரம், மின்சாரம், ஆட்கள், தன் கைத்திறன் ஆகியவைதான். நூல் விலை ஏறினாலும் டாலர் மதிப்பு இறங்கினாலும் அந்த அடி முதலில் அவர் மேல் விழுவதில்லை. சந்தையில் போய் விற்கவேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. தொழில் தொடங்குவதில் இளைஞர்களை மிரட்டும் பெரிய கேள்விகள் பல, இந்த ஏற்பாட்டில் கேட்கப்படாமலேயே போய்விடுகின்றன.

இப்படித் தையல் வேலையை மட்டும் எடுத்துச் செய்யும் இடத்தைப் பவர் டேபிள் என்பார்கள். இதற்கான கூலியைக்கூட ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பேரம் பேசித் தீர்மானிக்க வேண்டியதில்லை. உள்நாட்டு உற்பத்தியாளர்களின் சங்கமான சைமாவும் பவர் டேபிள் உரிமையாளர் சங்கமும் பேசி ஒப்பந்தம் போடும் வழக்கம் உண்டு. அந்த ரேட் எல்லாரிடமும் முழுமையாகக் கிடைத்துவிடுகிறது என்று சொல்ல முடியாது. என்றாலும் புதிதாக வருகிறவருக்குத் தன் உழைப்பின் விலை என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஓர் அளவுகோல் இருப்பதே பெரிய பலம்.

எந்தத் துண்டில் இளைஞர்கள் நுழைய முடிகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. சாயப்பட்டறை ஒரு காலத்தில் சிறு முதலீட்டில் தொடங்கக்கூடிய தொழிலாக இருந்தது. அதன் கழிவு நொய்யலையும் ஒரத்துப்பாளையம் அணையையும் அதன் கீழுள்ள விவசாயிகளின் நிலங்களையும் பாழாக்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத சுத்திகரிப்பு முறை கட்டாயமான பிறகு, சாயத்தொழில் சிறியவர் கைக்கு எட்டாத முதலீட்டைக் கேட்கும் தொழிலாகிவிட்டது. இதில் எனக்கு வருத்தமில்லை. அந்தக் குறைந்த முதலீட்டின் மிச்சச் செலவை ஆறும் விவசாயியும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே இன்றைக்குப் புதியவர்கள் நுழையும் கதவுகள் தையல், செக்கிங், அயர்னிங், காஜா பட்டன், சிறு அளவிலான பிரிண்டிங் ஆகியவையே.

எட்டு இயந்திரங்கள்

எண்ணோடு சேர்த்தே ‘15 வேலம்பாளையம்’ என்று அழைக்கப்படும் பகுதியில் ஒரு சந்தில் அப்படிப்பட்ட பவர் டேபிள் ஒன்றைப் பல முறை சென்று பார்த்திருக்கிறேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளமான ஒற்றை அறை. தையல் இயந்திரங்களில் ஒருபுறம் நான்கு ஓவர்லாக், மறுபுறம் இரண்டு பிளாட்லாக், கடைசியில் இரண்டு சிங்கர். நடுவில் வெட்டிய துணிகள் அளவுவாரியாகக் கட்டப்பட்டு, ஒவ்வொரு கட்டிலும் அதே துணியின் ஒரு நாடாவில் பேனாவால் எண் எழுதிச் செருகப்பட்டிருக்கும். கைமடிகள் எனப்படும் உதவியாளர்கள், ஒரு டைலர் தைத்து முடித்த பீஸை எடுத்து மடித்து அடுத்த டைலரிடம் தள்ளியபடி இருப்பார்கள். வாசலை ஒட்டிய சிறு மேசைதான் அலுவலகம். அதன் மேல் டெலிவரி சலான் கட்டு, கால்குலேட்டர், நீள நோட்டு ஒன்று. அந்த நோட்டின் இடது பக்கத்தில் பார்ட்டி தரவேண்டிய தொகை, வலது பக்கத்தில் ஆட்களுக்குக் கொடுக்க வேண்டிய தொகை.

உரிமையாளருக்கு அப்போது வயது 29. தாராபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து 17 வயதில் கைமடியாக வந்து, மதிய உணவு நேரத்தில் மற்றவர் மிஷினில் உட்கார்ந்து ஓவர்லாக் பழகி, டைலராகி, பிறகு ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் சூப்பர்வைசர் ஆனவர். சூப்பர்வைசர் வேலையில்தான் ஒரு பீஸுக்கு எத்தனை நிமிடம் ஆகும், கம்பெனி வெளியே என்ன ரேட் கொடுக்கிறது, ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் எந்தக் குறைக்கு டெபிட் போட்டுப் பில்லில் பணத்தைக் கழிப்பார் என்பதெல்லாம் அவருக்குத் தெரிய வந்தன. சம்பளம் வாங்கிக்கொண்டே அவர் படித்த பாடம் அது. எந்தப் பயிற்சி நிலையத்திலும் அதை ஒரு மாதத்தில் சொல்லிக்கொடுத்துவிட முடியாது என்றுதான் நினைக்கிறேன்.

அவரும் அவருடைய மச்சானும் பார்ட்னர்களாகச் சேர்ந்தார்கள். இயந்திரங்கள் எல்லாம் செகண்ட் ஹேண்ட். பாதிக்கு ரொக்கம், மீதிக்குத் தவணை. ரொக்கம் வந்த வழி, மனைவியின் நகையை அடகு வைத்ததும் ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்ததும். இடத்துக்கான அட்வான்ஸ் தொகையை அவருடைய அக்கா கொடுத்திருக்கிறார். எட்டு மிஷினுக்கும் சேர்த்து ஏறக்குறைய இரண்டரை லட்சம் ஆனதாகச் சொன்னார்.

நான் எதிர்பார்த்ததற்கு மாறாக, இயந்திரம் வாங்கும்போது தமக்குப் பயமே இல்லை என்றார் அவர். தொழில் நடக்காவிட்டால் மிஷினை விற்றால் பாதிக்கு மேல் வந்துவிடும் என்ற தெளிவு அவருக்கு இருந்தது. அவர் பயந்தது சனிக்கிழமைக்கு. எட்டு டைலர்களுக்கும் நான்கு கைமடிகளுக்கும் வாரச் சம்பளம் சுமார் 45,000 ரூபாய். பார்ட்டியோ, சரக்குப் போய்ச் சேர்ந்து, செக்கிங் முடிந்து, பில் பாஸாகி, செக் கொடுக்க ஆறு வாரம்கூட எடுத்துக்கொள்ளும். ஆக, முதல் பணம் கைக்கு வருவதற்குள் ஆறு சனிக்கிழமைகள் வந்து போய்விடும். 45,000 ரூபாய் வீதம் ஆறு வாரம் என்றால் 2,70,000 ரூபாய். இயந்திரங்களின் மொத்த விலையைவிடச் சற்று அதிகமான தொகை இது. இதை இயந்திரம்போல விற்று மீட்க முடியாது. ஒரு சனிக்கிழமை சம்பளம் தவறினால் திங்கட்கிழமை டைலர்கள் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள். அதில் அவர்களைக் குறை சொல்ல இயலாது, அவர்கள் வீட்டு வாடகையும் மளிகைக் கடனும் அந்தச் சனிக்கிழமையை நம்பித்தான் இருக்கின்றன.

இந்தப் பள்ளத்தை அவர் தாண்டியது அவருடைய பழைய முதலாளியின் உதவியால். வேலையை விட்டு நிற்கப்போகிறேன் என்று சொன்னபோது அந்த முதலாளி கோபிக்கவில்லை. தன் ஆர்டர்களில் ஒரு பகுதியை அவருக்கே கொடுத்ததோடு, முதல் மூன்று மாதம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சம்பளத்துக்கு மட்டும் அட்வான்ஸ் கொடுத்து, பிறகு பில்லில் கழித்துக்கொண்டார். அதற்குப் பத்திரமோ வட்டியோ இல்லை. அந்த முதலாளிக்கும் இதில் இலாபம் உண்டு: தரம் தெரிந்த, தன்னிடமே வேலை கற்ற ஒருவர் வெளியே கிடைக்கிறார், சீசன் இல்லாத மாதங்களில் அவருக்குச் சம்பளம் கொடுக்கவேண்டியதில்லை. இரு தரப்புக்கும் பயன் இருப்பதால்தான் இந்த வழக்கம் தொடர்ந்து நடக்கிறது.

விழுந்தால் எழக்கூடிய ஊர்

மற்றொன்றையும் இங்கே சொல்லவேண்டும். அந்தச் சந்திலேயே பவர் டேபிள் நடத்தி, மூடிவிட்டு, மறுபடியும் டைலராக வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். யாரும் அவர்களை ஏளனமாகப் பேசுவதில்லை. கைத்திறன் கையிலேயே இருப்பதால் தொழிலை மூடிய அடுத்த வாரமே அவர்களுக்குச் சம்பளம் கிடைக்கிறது. கடன் அடைந்ததும் சிலர் இரண்டாம் முறை முயல்கிறார்கள். படித்து, மாதச் சம்பள வேலையில் இருக்கும் பிள்ளை அதை விட்டுத் தொழில் தொடங்கித் தோற்றுவிட்டால், நம் குடும்பங்கள் பலவற்றில் அவனுடைய திருமணப் பேச்சிலிருந்து தங்கையின் திருமணப் பேச்சு வரை அது அடிபடும். தோல்விக்கு ஒரு சமூகம் எவ்வளவு தண்டனை வைத்திருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அங்கே எத்தனை பேர் முயல்வார்கள் என்பதும் அமையும். திருப்பூர் இளைஞர்கள் மற்ற ஊர் இளைஞர்களைவிடத் துணிச்சல்காரர்கள் என்று நான் நம்பவில்லை; விழுந்தால் அடிபடும் உயரம் அங்கே குறைவு.

எல்லாருக்கும் திறக்காத கதவு

இதையெல்லாம் பாராட்டிவிட்டு நின்றுவிடுவது நேர்மையாகாது. மேலே சொன்ன அட்வான்ஸ், ஏலச்சீட்டு, பார்ட்னர்ஷிப் அனைத்தும் நம்பிக்கையின் மேல் நடப்பவை. அந்த நம்பிக்கை பெரும்பாலும் சாதி, உறவு, ஊர் ஆகியவற்றின் வழியாகத்தான் பாய்கிறது. அபிஜித் பானர்ஜி, கைவான் முன்ஷி என்ற இரு பொருளியலாளர்கள் திருப்பூரைப் பற்றி 2004இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. உள்ளூரில் வலுவாக உள்ள கவுண்டர் சமூகத்தைச் சேர்ந்தவர்கள் கூடுதல் முதலீட்டோடு தொழில் தொடங்கினார்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் மிகக் குறைந்த முதலீட்டோடு தொடங்கினார்கள். ஆனாலும் சில ஆண்டுகளில் வெளியாட்களின் நிறுவனங்களே வேகமாக வளர்ந்து முந்தின. பணம் திறமையைத் தேடிப் போகவில்லை, உறவைத் தேடிப் போனது என்பதே இதன் பொருள். அப்படியென்றால், தொடங்கவே முடியாமல் போன திறமைசாலிகள் எத்தனை பேர் என்ற கேள்வி எழுகிறது. அதை எந்தக் கணக்கும் காட்டாது.

பெண்களின் நிலை இன்னும் கடினமானது. மிஷினிலும் செக்கிங் டேபிளிலும் பெண்கள் பெருந்தொகையாக உழைக்கிறார்கள். வாசலை ஒட்டிய அந்தச் சிறு மேசையில் அவர்களைக் காண்பது அரிது. திறமைக் குறைவு இதற்குக் காரணம் இல்லை. ஆர்டர் அர்ஜென்ட் என்றால் இரவு இரண்டு மணிக்கும் சரக்கு ஏற்ற வேண்டும். பணம் வசூலிக்க ஆண்கள் கூடும் இடங்களில் காத்திருக்க வேண்டும். அடமானம் வைக்கச் சொத்து தன் பெயரில் இருக்க வேண்டும். நகை மட்டும் அவர்களுடையது. அதுவும் கணவருடைய தொழிலுக்கே பெரும்பாலும் போய்விடுகிறது. நான் பார்த்த எட்டு மிஷின் பவர் டேபிளும் அப்படி ஒரு பெண்ணின் நகையில் தொடங்கியதுதான். சலானில் அவர் பெயர் இல்லை.

அரசுத் திட்டங்கள் எங்கே பொருந்துகின்றன

உறவின் வழியாகப் பணம் வராதவர்களுக்குத்தான் அரசின் கை நீள வேண்டும். ஓரளவு நீண்டும் இருக்கிறது. பட்டம், பட்டயம், ஐ.டி.ஐ. படித்தவர்களுக்காகத் தமிழ்நாட்டில் 2012-13இல் தொடங்கப்பட்ட நீட்ஸ் திட்டம், முதலீட்டில் 25 சதவீத மானியமும் வட்டியில் 3 சதவீதச் சலுகையும் தருகிறது. எட்டாம் வகுப்புப் படித்த வேலையில்லாத இளைஞர்களுக்கும் தனியே மானியக் கடன் திட்டம் உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடியின முனைவோருக்காக 2023இல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 சதவீத மானியம் வழங்குகிறது. நம்பிக்கை சாதி வழியாகவே பாயும் ஓர் ஊரில் இந்தக் கடைசித் திட்டத்தின் தேவையை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். மத்திய அரசின் முத்ரா கடன் 2015 முதல் பிணையில்லாமல் கிடைக்கிறது.

இவற்றால் பயன் பெற்றவர்கள் பலர். எனினும் இவை பெரும்பாலும் இயந்திரத்தை மையமாக வைத்தே நடக்கின்றன. கொட்டேஷன் கொடு, மிஷின் விற்பவர் கணக்குக்குப் பணம் போகும், வங்கி அலுவலர் வந்து மிஷினைப் பார்ப்பார். இயந்திரம் கண்ணுக்குத் தெரிவதால் வங்கிக்கு அது எளிது. சனிக்கிழமை கண்ணுக்குத் தெரிவதில்லை. சம்பளம் போன்ற அன்றாடச் செலவுக்கான நடைமுறை மூலதனத்தையும் கடனில் சேர்க்க வழியிருந்தாலும், மிஷின் கடன் கிடைத்த அளவுக்கு அது கிடைக்கவில்லை என்பதே நான் பேசிய சிறு உரிமையாளர்களின் பொதுவான குறை. மானியத்தில் புது மிஷின் வாங்கி, ஆறாவது சனிக்கிழமையில் தடுமாறி, மிஷினைத் துணி போட்டு மூடி வைத்தவரையும் பார்த்திருக்கிறேன். 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோதும், அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி விதித்தபோதும், பார்ட்டியின் பணம் தாமதமானதால் உண்டான நெருக்கடி முதலில் வந்து நின்றது இவர்கள் வாசலில்தான்.

சட்டம் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப் போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி. வருமான வரிச் சட்டத்திலும், இப்படித் தாமதப்படுத்திய தொகையைச் செலவாகக் கழித்துக்கொள்வதற்குக் கட்டுப்பாடு 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. இது வாய்ப்பேச்சு அல்லாத உண்மையான அழுத்தம். மார்ச் மாதத்தில் பாக்கி வேகமாகத் தீர்வதாக ஜாப் ஒர்க் செய்பவர்களே சொல்கிறார்கள். ஆனால் இருக்கும் ஒரே பார்ட்டியின் மேல் புகார் எழுதிக் கொடுக்கும் தைரியம் 29 வயதுக்காரருக்கு எப்படி வரும்? புகார் கொடுத்தால் பணம் வரலாம். அடுத்த லாட் வேலை வராது. அதனால் ஜாப் ஒர்க் பில்லை அடிப்படையாகக் கொண்டு வாரந்தோறும் சம்பளத் தொகையை மட்டும் முன்பணமாகக் கொடுத்து, பார்ட்டி செலுத்தும்போது நேராகக் கழித்துக்கொள்ளும் சிறு கடன் ஒன்று கூட்டுறவு வங்கிகள் வழியாக வரவேண்டும் என்பது என் நீண்டநாள் எண்ணம். அந்தப் பழைய முதலாளி மூன்று மாதம் செய்ததும் இதைத்தான். அப்படிப்பட்ட முதலாளி வாய்க்காத பெண்ணுக்கும், தலித் இளைஞனுக்கும், வடமாநிலத்திலிருந்து வந்து பத்து வருடமாகத் தைத்துக்கொண்டிருப்பவனுக்கும் அதை ஒரு நிறுவனம் செய்ய வேண்டும்.

கடைசியாக அந்தப் பவர் டேபிளுக்கு நான் போனது ஒரு சனிக்கிழமை மாலை. மிஷின்கள் எட்டிலிருந்து பதினான்காகியிருந்தன. பார்ட்டிகள் இரண்டு பேர். ஏழு மணிக்கு விளக்குகளின் கீழ் ஒவ்வொருவராக வந்து நோட்டில் தன் பீஸ் கணக்கைச் சரிபார்த்து, கவரை வாங்கி, எண்ணிப் பார்த்துவிட்டுப் போனார்கள். கடைசியாக வந்த டைலர் கவரை எண்ணாமல் பைக்குள் வைத்துக்கொண்டு மேசையருகே தயங்கி நின்றார். திருப்பூர் ராயபுரத்தில் ஒருவர் நான்கு மிஷினை வாடகைக்கு விடுகிறாராம், இடமும் சேர்த்துத் தருகிறாராம், என்ன ரேட் சொன்னால் கட்டுப்படியாகும் என்று மெல்லக் கேட்டார். உரிமையாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொல்லிவிட்டு, நோட்டில் ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பினார். முதலில் எத்தனை சனிக்கிழமைக்குக் கையில் பணம் வைத்திருக்கிறாய் என்று கேட்டுக்கொண்டே வலது பக்கத்தில் கோடு போட்டார்.